செவிட்டு ஸல்மா

வெளிநாட்டில் இருந்தபோது பெரியாயி ஒரு வாரம் கடற்கரை பங்களாவில் காற்று வாங்கிவிட்டு வந்தவள் என்று மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசைவீட்டுச் சனம் இன்றும் வயிறெரிந்து பேசுகிறது. நான் அவளுக்கு ஒரு சுவர் தள்ளி, பக்கத்துக் காம்பராக்காரி. அந்த வாரத்தின் கதையை அவள் வாயாலேயே கேட்டவள். அதனால் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்துவிடும்.

எண்பத்தோராம் ஆண்டு அவள் குவைத்துக்குப் போனாள். நகைக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. மகள் பூவாயி பசறைப் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்க அனுப்ப வேண்டும் என்று புருசன் மாடசாமி ஒற்றைக்காலில் நின்றான். "நான் ரெண்டு வருசம் வெளிநாட்டுல ஒழச்சு அனுப்புறேன். அதுவரைக்கும் புள்ள பேரப் பதியாத" என்று அவள் கேட்டாள். "நடுவுல திரும்பி வந்தீன்னா அன்னைக்கே பதிவேன்" என்று அவன் சொன்னான். அவன் வாக்கை நம்பி இவள் கிளம்பினாள்.

அங்கே அவளை வீட்டு வேலைக்கு எடுத்தவர்கள் முஸ்லிம் பெண்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கொழும்பு ஏஜன்ட் கூசாமல் பாஸ்போர்ட்டில் ஸல்மா என்று போட்டுக்கொடுத்துவிட்டான். பதுளை பஸாரில் இருந்த ஸுபைரா என்ற பெண்தான் இவள்மேல் இரக்கப்பட்டு முக்காடு போடவும் தொழவும் பழக்கிவிட்டாள். "பேரக் கூப்பிட்டா டக்குன்னு திரும்பணும் புள்ள. யோசிச்சீன்னா மாட்டிக்குவ" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள்.

வீட்டுக்குள் இவள் மாட்டவே இல்லை. விடிந்ததிலிருந்து படுக்கும்வரை ஸல்மா, ஸல்மா என்று ஏவல்தான். பயத்தில் இருப்பவளுக்குப் பேர் மறக்குமா? எசமானியை அங்கே "மாமா" என்றுதான் கூப்பிட வேண்டும்; அவர்கள் பாஷையில் அம்மா. அதுதான் தனக்குச் சிரிப்பாக வரும் என்றாள் பெரியாயி. தாய்மாமனுக்கு முக்காடு போட்டுவிட்ட மாதிரி இருக்குமாம்.

ஆறு மாதம் கழித்து, வெயிலுக்குக் கடற்கரையில் ஒரு பங்களா எடுத்துக் குடும்பமே போனது. எசமானி, புருசன், அவனுடைய தம்பி, பிள்ளைகள். கடைக்குட்டிக்கு மூன்று வயது. அவனைப் பார்த்துக்கொள்ள இவள்.

கடலை அவள் முதல்முறை பார்த்தாள். பையன் ஈரமணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தான். இவள் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் நீட்டினாள். அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போனது. பிறந்ததிலிருந்து பகல் வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்தது அன்றுதானாம். மனசு லேசாகி, பூவாயியை இங்கே கூட்டிவந்தால் எப்படிக் குதிப்பாள் என்று நினைத்தபடி இருந்திருக்கிறாள். அந்தக் கொஞ்ச நேரம் அவள் வெறும் பெரியாயி.

பின்னாலிருந்து "ஸல்மா! ஸல்மா!" என்று எசமானி அலறினாள். இவள் காதிலும் விழுந்தது. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தாள்.

பையனை அலை இழுத்துப் போயிருந்தது. கொழுந்தன்காரன் பாய்ந்து போய்த் தூக்கி வந்தான். பிள்ளை இருமி, கக்கி, பிழைத்துக்கொண்டது. எசமானி இவள் கன்னத்தில் மாறி மாறி அறைந்து, "கூப்பிட்டேனே, ஏன் திரும்பவில்லை?" என்று கேட்டாள்.

என்ன சொல்வாள்? கவனிக்கவில்லை என்றால் அடுத்த விமானத்தில் ஊர், பூவாயி முதுகில் கொழுந்துக் கூடை. அது என் பேர் இல்லை என்றால் ஜெயில். அவள் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். காது கேட்காது என்று.

நேற்றுவரை கேட்ட காது இன்று கேட்காதா? எசமானி நம்பவில்லை. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு இவள்தான் விளையாட்டுச் சாமான். குனிந்து கூட்டும்போது கொழுந்தன்காரன் பின்னால் வந்து சட்டிமூடியைப் போடுவான். பிள்ளைகள் காதுக்குள் வாயை வைத்துக் கத்துவார்கள். கார் ஹார்னை விடாமல் அழுத்துவார்கள். திடுக்கிடுகிறாளா என்று பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நல்ல சனம்! இவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையைப் பார்த்தே வேலை செய்தாள். "தர்ஷா" என்று புதுப் பேரும் வைத்தார்கள். அவர்கள் பாஷையில் செவிடி.

பங்களாவில் கடைசி நாள் இவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். எசமானி டேப் ரெக்கார்டரைத் தூக்கிவந்து எதிரில் வைத்து உட்கார்ந்தாள். ஊரிலிருந்து இவளுக்கு வந்த கேசட் ஒன்றை இத்தனை நாளும் கொடுக்காமல் பையில் வைத்திருந்திருக்கிறாள். அதைப் போட்டுவிட்டு இவள் முகத்தையே பார்த்தாள்.

"அம்மா, நாந்தான் பூவாயி. நல்லா இருக்கியாம்மா? நாங்க எல்லாரும் சொகம். அம்மா, அப்பா எனக்குப் பேர் பதிஞ்சிட்டாரும்மா. போன மாசத்துலருந்து மலைக்குப் போறேன். கொழுந்தெடுக்கப் பழகிட்டேன். வெரல்தான் எரியுது. நீ கவலப்படாத. அம்மா, நான் பேசுறது கேக்குதா?"

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அழுகை மட்டும். அப்புறம் மாடசாமியின் குரல்: "போதும் நிறுத்து, டேப்பு வீணாப் போகுது."

எதற்காக இத்தனை அடியும் பட்டாளோ அது போய்விட்டது. மாடசாமியை நினைத்தால் எனக்கே கை பரபரக்கிறது. பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனால் வாயைத் திறந்து அழுதால் பொய் வெளியாகிவிடும். பொய் வெளியானால் அந்த நாட்டில் அவளைக் கேட்க நாதியில்லை. பெரியாயி இறாலின் தலையைத் திருகினாள், ஓட்டை உரித்தாள், அடுத்ததை எடுத்தாள்.

எசமானிக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. "பாவம், நிஜமாகவே செவிடுதான்" என்று புருசனிடம் சொன்னாள். செவிடிக்குக் கேசட் எதற்கு? அன்று சாயங்காலமே அதன்மேல் பிள்ளைகள் பாட்டுப் பாடி, கைதட்டிப் பதிந்துகொண்டார்கள்.

ஒப்பந்தத்தில் மிச்சம் இருந்த ஒன்றரை வருசமும் அவள் செவிடியாகவே இருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வேலை ஏவ வேண்டுமென்றால் செருப்பை எறிந்தார்கள்.

அவள் ஊருக்கு வந்த அன்று பூவாயி மலையிலிருந்து கூடையோடு ஓடிவந்தாள். கொழுந்துக்கறை பிடித்த கையால் தாயைக் கட்டிக்கொண்டாள். நானும் வாசலில் நின்றேன்.

"அம்மா, நான் பேசி அனுப்புன கேசட்டு கெடச்சுதா?"

"இல்லடி. வந்து சேரல."

"நல்லதாப் போச்சும்மா" என்றாள் பூவாயி. "அதுல நான் அழுதுட்டேன். நீ கேட்டிருந்தா தாங்கியிருக்க மாட்ட."