இருபது வினாடி வாசிப்பும் ஒரு சோடிச் சப்பாத்தும்

போன ஞாயிற்றுக்கிழமை அஜக்ஸ் நகரில் ஒரு குடிபூரல், புதுவீட்டில் பால் காய்ச்சுகிற கொண்டாட்டம். வாசலில் ஐம்பது அறுபது சோடிச் சப்பாத்து குவிந்து கிடந்தது. நானும் குனிந்து என்னுடையதைக் கழற்றினேன். வலது காலின் பெருவிரல் காலுறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து நின்றது. "ஐயோ, உந்த ஓட்டை மேஸோடயோ வந்தனீங்கள்? ஆரும் பாக்க முன்னம் உள்ளுக்கு நடவுங்கோ" என்று மனைவி பல்லைக் கடித்தாள். கனடாவுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் ஒரு மனிதனுக்கு நல்ல காலுறை வாய்க்கவில்லையென்றால் அது தலையெழுத்துத்தான், வேறென்ன.

எனக்கு வெட்கம் வரவில்லை. வால்டர் வந்தார், நினைவில்.

வந்த புதிதில் மோர்னிங்சைட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தேன். நடக்கமாட்டாத வயதானவர்களின் வீடுகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. அப்படி ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் வால்டர் தனியாக இருந்தார். எண்பதை நெருங்கிய மெலிந்த மனிதர், வீட்டுக்குள்ளும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். முதல்நாள் "உள்ளே வா" என்றதும் நான் பழக்கதோசத்தில் கதவடியிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். மற்ற வீடுகளில் எல்லோரும் கழற்ற வேண்டாம், வேண்டாம் என்பார்கள். இவர் என் காலைப் பார்த்தார். அன்றைக்கும் ஓட்டைதான். மனிதர் சிரிக்கத் தொடங்கினார், இருமல் வரும்வரைக்கும் சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏழை என்று நக்கலடிக்கிறார் என்று நினைத்தேன்.

கதை வேறு. அவர் இளம் வயதில் ஒரு பெரிய நடன இசைக்குழுவில் சாக்ஸபோன் வாசித்தவராம். ஸ்விங் இசைக்கு ஊரெல்லாம் ஆடிய காலம். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையும் நோண்டிக் கேட்காமல் விடமாட்டேன். ஒலித்தட்டு எப்படிச் செய்வீர்கள்? எத்தனை மைக்? பிழைவிட்டால் என்ன செய்வீர்கள்? அவர் அலுக்காமல் சொல்லுவார். அவர் சொன்னது இங்கிலிஷில்தான். என் மண்டைக்குள் அது யாழ்ப்பாணத்து ஆளின் குரலாகவே கேட்டது, இன்றைக்கும் அப்படித்தான்.

"தட்டுப் பதிய மொன்றியலுக்கு ரெயிலில போவம். பதின்மூண்டு பேருக்கு ஒரு மைக். மெழுகுத் தட்டில ஊசி கீறிக்கொண்டு போகும். மூண்டு நிமிசம். ஒருத்தன் தும்மினால் எல்லாம் போச்சு."

பதிவறையின் நிலம் பலகை, சப்பாத்துத் தட்டினால் அந்தச் சத்தமும் பதிவாகிவிடும். அதனால் குழுத் தலைவர், சப்பாத்தைக் கழற்றிப்போட்டு வாசியுங்கள் என்று கட்டளை போட்டிருந்தார். எல்லோரும் கழற்றினார்கள். வால்டர் கழற்றவில்லை. அவருடைய காலுறையில் ஓட்டை. மைக்குக்குப் பக்கத்தில் பாட்டுக்காரப் பெட்டை நின்றாள், அவளில் இவருக்கு ஒரு கண். இதற்குப் பிறகு நான் என்னத்தைச் சொல்ல.

இவருடைய முறை வந்ததும் இரண்டு அடி முன்னுக்குப் போய் இருபது வினாடி தனியாக வாசித்தார். வாசித்தால் கால் தாளம் போடாமல் இருக்குமா? சப்பாத்து பலகையில் தட்டியது. தலைவர் முறைத்தார். ஆனால் அன்றைக்கு வேறு மெழுகுத் தட்டு மிச்சமிருக்கவில்லை. அதுவே வெளியில் வந்தது. வால்டர் ஆறு ஒலித்தட்டுகளில் கூட்டத்தோடு கூட்டமாக வாசித்திருக்கிறார். தனியாக வாசித்தது அந்த ஒன்றில் மட்டும்தான். அதிலும் தட்டின் மேலே அச்சடித்திருந்தது தலைவரின் பெயர் மட்டும். பிறகு அதே குழுவில் இருந்த இன்னொரு சாக்ஸபோன்காரர் அமெரிக்கா போய்ப் பெயரெடுத்தார். அந்த இருபது வினாடியையும் எல்லோரும் அவர் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

"அவன் மேஸோட நிண்டவன். சப்பாத்தோட நிண்டது நான் ஒருத்தன்தான்" என்பார் வால்டர். பழைய ஒலித்தட்டுகளுக்குப் பட்டியல் போடுகிற ஒருவருக்கு இதை எழுதினாராம். உங்களைத் தவிர வேறு யாருக்காவது அந்தத் தட்டல் கேட்கிறதா என்று பதில் வந்ததாம். அந்தப் பதில் வந்த நேரத்தில் வால்டரின் காது மந்தமாகிவிட்டிருந்தது. தட்டல் இன்னும் அதில் இருக்கிறதா, தேய்ந்து போய்விட்டதா என்று அவருக்கே தெரியாது. அதைச் சொல்ல ஒரு நல்ல காது வேண்டியிருந்தது.

ஒருநாள் என்னை இருத்தி அந்த ஒலித்தட்டைப் போட்டார். மாவு வறுக்கிற மாதிரி ஒரே இரைச்சல். அதற்குள்ளே சாக்ஸபோன் வந்தது. அழகாகத்தான் இருந்தது, தொண்டை கட்டிய ஒருவர் சந்தோசமாகப் பாடுவதுபோல. தட்டல் மட்டும் எனக்குக் கேட்கவில்லை. அவர் ஒலித்தட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பையில் இன்னும் ஆறு வீட்டு மருந்து. கீழே பஸ் வருகிற நேரம்.

"கேக்குதோ?"

"ஓம், கேக்குது" என்றேன்.

அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு மேசையடியில் இருந்து அந்தப் பட்டியல்காரருக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டேன், தமிழில். கனடாவில் நான் போட்ட முதல் சாட்சிக் கையெழுத்து பொய்ச்சாட்சி. ஒலித்தட்டைப் பக்குவமாக உறைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு எனக்கு அதைப் போட்டுக் காட்டவேயில்லை. அடுத்த பனிக்காலம் ஒன்பதாம் மாடிக்கு மருந்து போவது நின்றுவிட்டது. கடிதத்துக்குப் பதில் வந்ததோ தெரியாது.

குடிபூரல் முடிந்து வரும்போது காரில் இந்தக் கதையை மகளுக்குச் சொன்னேன். நெடுஞ்சாலை ஏறுமுன்னமே அவள் அந்த ஒலித்தட்டுப் பாட்டை ஃபோனில் தேடி எடுத்துவிட்டாள். "அப்பா, ஐ திங்க் திஸ் இஸ் இற்!" சாக்ஸபோன் வாசித்தவரின் பெயரைப் பார்த்தோம். அமெரிக்கா போனவரின் பெயர்தான் இருந்தது. பரவாயில்லை, தட்டல் இருக்குமே என்று அவளுடைய ஹெட்ஃபோனை வாங்கிக் காதில் மாட்டினேன். மனைவிதான் கார் ஓட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். சாக்ஸபோன் நேற்று வாசித்ததுபோலக் கண்ணாடியாக வந்தது. இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை. இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் போட்டேன். ஒரு தட்டலும் இல்லை.

"நொய்ஸ் எல்லாம் கிளீன் பண்ணிட்டினம் அப்பா. கீழ எழுதியிருக்கு" என்றாள் மகள். பிறகு, "பட் நீங்கள் அண்டைக்குக் கேட்டனீங்கள்தானே?" என்றாள்.

"இல்லை" என்றேன். அதைச் சொல்ல முப்பது வருடம் பிடித்திருக்கிறது.

ஒன்றுக்குப் பத்துக் கேள்வி கேட்கிற எனக்கு அன்றைக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. வந்திருந்தால் அவர் கோபித்திருக்கமாட்டார். ஊசியைத் தூக்கி, மறுபடியும் போட்டிருப்பார்.