நாலு மரை

பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய ஜீப் ஒன்று எங்கள் முதலாளியிடம் இருந்தது. காவாந்தண்டலத்தில் அவருக்கு நிலம். அவருடைய டிரைவரும் மெக்கானிக்கும் நானே. மழைக்காலத்தில் வண்டி களிமண்ணில் புதைகிறது என்று ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி உயர்த்தச் சொன்னார். அப்புறம் பெரிய டயர்கள் வாங்கி வந்தார். மாட்டினால், ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் டயர் பட்டையில் உரசியது.

அதற்காகக் காஞ்சிபுரம் லேத்துப் பட்டறையில் கனமான இரும்புத் தகடுகள் கடைந்து வாங்கினார். சக்கரத்துக்குப் பின்னால் தகட்டைக் கொடுத்து மாட்டியதும் சக்கரம் வெளியே தள்ளி நின்றது. உரசல் போயிற்று. ஆனால் போல்ட்டின் நீளத்தைத் தகடு தின்றுவிட்டது. நட்டு நாலு மரைதான், நாலு சுற்றுதான், பிடித்தது.

“நாலு மரை பத்தாதுங்க.”

“பட்டாளத்து இரும்புடா. இன்னா ஆயிடப் போவுது?”

நாலு மரையிலேயே முடுக்கி வண்டியை எடுத்தேன். அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் நட்டுகளை முடுக்குவேன். மறுநாள் பார்த்தால் தளர்ந்திருக்கும்.

பத்து நாள் கழித்து, முதலாளியின் நிலத்தில் கூலி வேலை செய்தவர் ஓடி வந்தார். அவர் மனைவிக்கு முந்தின நாளிலிருந்து பிரசவ வலி. ஆஸ்பத்திரி அக்கரையில், உத்திரமேரூரில்; செய்யாற்றில் தண்ணீர் வந்துவிட்டதால் மாட்டுவண்டி இறங்காது.

“ஜீப்ப எடுத்துக்கினு போ,” என்றார் முதலாளி.

அவளைப் பின்னால் படுக்க வைத்து, கணவரையும் ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கினேன். பாதி ஆற்றில் ‘டக்’ என்றொரு சத்தம். ஸ்டியரிங் கையில் துடிக்க ஆரம்பித்தது. போல்ட் ஒன்று முறிந்துவிட்டது என்று தெரிந்தது. நின்றால் தண்ணீர் இழுத்துவிடும். போனால் சக்கரம் கழன்றுவிடும். அவள் அலறிக்கொண்டிருந்தாள். கரையேறும்போது இன்னொரு ‘டக்.’

கரையில் நிறுத்தினேன்.

“இன்னா அண்ணே, ஏன் நிறுத்திக்கினே?” என்றார் கணவர்.

“ரெண்டு போல்ட் பூட்ச்சி. இப்பிடியே போனா சக்கரம் கயண்டுக்கும்.”

அவர் என்னைத் திட்டவில்லை. ஜாக்கியை அவரே எடுத்து வைத்தார். நட்டு ஆழமாகப் பிடிக்கட்டும் என்று சக்கரத்தைக் கழற்றித் தகட்டை உருவினேன். மீதி மூன்று போல்ட்டில் நட்டை மாட்டப் போனால் கை வழுக்கி நட்டு சேற்றில் விழுந்தது. அதைத் தேடி எடுத்து, “நவுரு, நான் திருவுறேன்,” என்று அவரே முடுக்கினார்.

உத்திரமேரூர் வரை ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் பட்டையில் கரகரவென்று உரசிற்று. வண்டி சீக்கிரமே ஓடிவிடும் தூரம்தான். அன்றைக்கு அது முடிவில்லாமல் நீண்டது. ஆஸ்பத்திரியில் நுழைந்து அரை மணிக்குள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

மற்ற மூன்று தகடுகளையும் ஆஸ்பத்திரி வாசலிலேயே கழற்றிப் போட்டேன். ஊர் திரும்பி முறிந்த போல்ட்டை முதலாளியிடம் நீட்டினேன். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பழைய டயரையே மாட்டிடு,” என்றார்.

அந்தப் பெண் பிறகு குழந்தையோடு வந்து, “நீதான் எங்க ரெண்டு பேரையும் காப்பாத்தின அண்ணே,” என்றாள். தகட்டைப் பற்றிக் கணவர் அவளிடம் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.