நாலு பொலிஸ் காற்சட்டைகளும் மால்டா கப்பலும்

மால்டாவுக்குக் கப்பலேறும் துறைமுகத்தில் சுங்க அதிகாரி எங்கள் வானின் பின்கதவைத் திறந்தார். உள்ளே நாலு இத்தாலியப் பொலிஸ் சட்டைகள், நாலு காற்சட்டைகள், நாலு தொப்பிகள், மூன்று கைவிலங்குகள். நாலாவது விலங்கு எங்கே என்று அவர் கேட்கவில்லை. நான்தான் முதலாளி சால்வோவிடம் கேட்டேன்.

"நோன்னோ, வாயை மூடு" என்றார் சால்வோ. நோன்னோ என்றால் தாத்தா.

பலெர்மோவில் சால்வோ நடத்தும் ஆட்டக் குழுவுக்கு நான் உடுப்புப் பொறுப்பாளன். கலியாணப் பெண்ணும் தோழிகளும் கூடும் விருந்துகளில் நாலு இளைஞர்கள் ஆடியபடியே உடுப்பைக் கழற்றுவார்கள். கழற்றியதைப் பொறுக்கி, எண்ணி, தோய்த்து, இஸ்திரி போட்டு மினுக்குவது என் வேலை. முதல்முறையாக மால்டாவில் ஆட்டம் கிடைத்திருந்தது. ஆட்டக்காரர்கள் விமானத்தில் போய்விட்டார்கள். அந்த நாட்டில் எதுவரை கழற்றலாம் என்று சால்வோ சட்டத்தரணியிடம் கேட்டிருந்தார். கொண்டுபோகும் உடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

"பொலிஸ் உடுப்பை வைச்சிருக்கிறதே குற்றம். இதுக்குப் பொறுப்பு ஆர்?" என்றார் அதிகாரி.

சால்வோவின் விரல் என்னைக் காட்டியது. எனக்கு அடுத்த மாதம் பெர்மெசோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்க வேண்டும். வழக்கு விழுந்தால் அது கிடைக்காது.

"ஐயா, இது ஆட்ட உடுப்பு. இழுத்தால் கழண்டிடும்."

அவர் ஒரு காலைப் பிடித்து இழுத்தார். முழுக் காற்சட்டையும் அவர் கையோடு போனது.

"ஆள் உள்ளுக்கை நிண்டால்தான் கழரும், ஐயா."

"அப்ப ஆளைக் காட்டுங்கோ."

சால்வோவின் வயிறு அதற்குள் போகாது. ஆகவே என் சொந்தக் காற்சட்டைக்கு மேலே நானே அதை மாட்டினேன். தொப்பியையும் வைக்கச் சொன்னார் அதிகாரி. அந்த நேரம் பார்த்து யாத்திரை பஸ்ஸிலிருந்து எங்கள் பங்குக் கோயில் ஸ்டெல்லா இறங்கினாள்.

"அண்ணை! பொலிஸிலை சேந்திட்டியளோ? ஒரு சொல்லும் சொல்லேல்லை!"

"ஓம் பிள்ளை. இப்ப விலகப் போறன்" என்று இடுப்பைப் பிடித்து இழுத்தேன்.

பதினாறு வெல்குரோ ஒட்டுகளும் ஒரே சத்தத்தில் விட்டன. அதிகாரி சிரிக்கவில்லை. உள்ளே போய் இன்னும் இரண்டு அதிகாரிகளைக் கூட்டிவந்து, "இன்னொருக்கா" என்றார். மூன்றாம் முறை யாத்திரைக்காரர்களும் கை தட்டினார்கள்.

சின்னங்களை எல்லாம் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பன்னிரண்டு சின்னங்கள். என் பெயரை எங்கும் எழுதவில்லை. இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் கப்பலேறினேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, எல்லை கடக்குமுன் எதைக் கழற்றலாம் என்று மட்டும் சட்டத்தரணியிடம் கேட்காதீர்கள். எதைக் கொண்டுபோகலாம் என்றும் கேளுங்கள். உள்ளே சொந்தக் காற்சட்டை ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும்.