பெருந்தேவியின் சோப்பில் கிராம்புத் தைலம்

என் மனைவியின் சோப்பைக் கெடுத்தவன் நான்தான். ஒரு தடவையோடு நிற்கவில்லை, நான்கு தடவை! முதல் தடவை கை தவறி. மற்ற மூன்றும் தெரிந்தே, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு...

இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் ஒருவரிடம் சொன்னால் போதும், ஐந்து நிமிடத்தில் பெருந்தேவியின் காதுக்குப் போய்விடும்.

முப்பத்திரண்டு வருடம் ஒரு பட்டுக்கடையில் புடவை விரித்துப் போட்டவன் நான். யார் யார் வீட்டுக் கல்யாணப் பெண்களிடமோ நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுவேன். வீட்டுக்கு வந்தால் பெருந்தேவியிடம் பேசத் தெம்பு இருக்காது. வேலையை விட்டு ஒருவழியாக வீட்டில் உட்கார்ந்தபோது, அவளுக்கு நான் தேவைப்படவில்லை. அவள் சோப்பில் இறங்கியிருந்தாள்.

எல்லாம் கைப்பேசியில் பார்த்துக் கற்றது. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஆறவைத்து, எண்ணெயில் ஊற்றிக் கடைந்தால் மோர்க்குழம்புப் பதத்துக்கு வரும். அச்சில் ஊற்றி, மறுநாள் வில்லை போட்டு, மாதக்கணக்கில் காயவிட வேண்டும். நான் எட்டிப் பார்த்தால், "குறுக்க வராதீங்க. போய்க் கோயில்ல உக்காந்துட்டு வாங்க" என்பாள். பெருமாளும் எத்தனை நாள்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்!

அப்போது எனக்குக் கடைவாய்ப் பல்வலி. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்துக்கொண்டே திரிவேன். வீடே கிராம்பு மணக்கும். ஒரு நாள் அவள், "இன்னாங்க, இந்தப் பாத்திரத்தக் கொஞ்சம் புடிங்க!" என்று கூப்பிட்டாள். திறந்த புட்டியோடு ஓடினேன். குனிந்ததில் பாதித் தைலம் சோப்புக்குள்... அவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சோப்பு களியாகி, கல்லாகி, கடைகிற மிஷின் நடுவில் கொடிமரம் மாதிரி தானாக நின்றது! இழுத்தால் பாத்திரமும் கூடவே வருகிறது. நான் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ள, அவள் மிஷினை இழுக்க, இருவரும் ஆளுக்கொரு பக்கம் தரையில் விழுந்தோம். விழுந்தவள் சிரித்தாள் பாருங்கள்... எங்கள் கல்யாண வாழ்க்கையில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

அன்று முழுக்க என்னோடு உட்கார்ந்து பேசினாள். எங்கே தப்பு? எண்ணெயில் சூடு அதிகமோ? "நீங்க இன்னா நெனைக்கிறீங்க?" என்று என்னைக் கேட்டாள். என்னை! பாழான கட்டியைத் துணி துவைக்க ஆகும் என்று துருவிக்கொண்டே சாயங்காலம் வரை பேசினோம். காரணம் தைலம்தான் என்று மறுநாளே கைப்பேசியில் தேடித் தெரிந்துகொண்டேன். சொல்லத்தான் நினைத்தேன். சொன்னால் பேச்சு முடிந்துவிடுமே!

அடுத்த தடவை எண்ணெயை நன்றாக ஆறவிட்டாள். நான் தைலத்தை ஊற்றினேன்.

ஐயோ, அந்த வாரங்கள்! விளக்கெண்ணெய் கூடிப்போச்சு என்று குறைத்தாள். போர் தண்ணீர் உப்பு என்று கேன் தண்ணீர் வாங்கினோம். செக்கு எண்ணெய்க்காக வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறினோம். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான், என் மடியில் எண்ணெய் டின். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இப்படிப் போனதில்லை! மிஷினை ஓரம் கட்டிவிட்டு மரக்கரண்டியால்கூடக் கடைந்து பார்த்தாள். அச்சை எடுக்க அவள் திரும்புகிற நேரம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

நான்காவது தடவை உறைந்தபோது அவள் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எண்ணெயிலயும் தப்பில்ல, தண்ணியிலயும் தப்பில்லீங்க. என் கைதான். கைராசி போயிடுச்சி."

அது எப்பேர்ப்பட்ட கை என்று உங்களுக்குத் தெரியாது! எங்கள் தெருவில் யார் ஊறுகாய் போட்டாலும் முதல் பிடி உப்பு பெருந்தேவி போட வேண்டும். தறியில் புதுப் பாவு நூல் ஏற்றினால், ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடாவை முதல் தடவை தள்ள அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் தொட்டால் எதுவும் கெடாது என்று ஊரே நம்பியது. அவளும் நம்பினாள்.

மறுவாரம் கரண்டியை என்னிடம் கொடுத்து, "நீங்க கலக்குங்க" என்றாள். இனி இந்தப் பாவம் வேண்டாம் என்று புட்டியைத் தொடவில்லை. சோப்பு வெண்ணெயாக வந்தது!

யோசித்துப் பாருங்கள்... அன்றைக்கும் ஊற்றியிருந்தால் என் கையிலும் கெட்டிருக்கும், அவள் கை தப்பித்திருக்கும். திருந்துவதற்கு எனக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா?

அன்றிலிருந்து கலக்குவது நான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அளந்து கொடுப்பாள், கதை சொல்வாள், என்னைக் கிண்டல் செய்வாள். கேட்டு வாங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். நான் சந்தோஷமாக இருக்கிறேன், அதுதான் வெட்கக்கேடு!

போன மாதம் எதிர்வீட்டு நெசவுக்காரப் பெண் சுகுணா வந்தாள். "அக்கா, புதுப் பாவு ஏத்திக்கினு இருக்குறோம். வந்து மொத நாடா தள்ளிட்டுப் போக்கா."

"நான் வேணாம்மா. மாமாவக் கூட்டிக்கினு போ. இப்ப அவரு கைதான் ராசி."

போனேன். தள்ளினேன். கேசரி கொடுத்தார்கள். அதையும் தின்றேன்.

அன்று சொல்லிவிடுவது என்றே வீட்டுக்கு வந்தேன். "பெருந்தேவி, அந்தக் கிராம்புத் தைலம்..." என்று ஆரம்பித்தேன். "மறுபடியும் பல்லா? அதான் புடுங்கியாச்சே! இன்னொன்னா?" என்று பதறி, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். கொப்பளித்தேன். என்ன மனிதன் நான்! சொன்னால் அவளுடைய கை அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் என் பக்கத்தில் உட்காருவாளா? அந்தப் பயம்தான்... வேறென்ன?

மாங்காய்க் காலம் வந்தது. ஜாடியைக் கழுவித் துடைத்து, மாங்காயை நறுக்கி, தட்டில் உப்பை அளந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இத நீயே போடேன்" என்றேன்.

"ஐய, கெட்டுப்போச்சுன்னா? போடுங்க!"

போட்டேன். அவள் சிரித்துக்கொண்டே ஜாடியின் வாயைத் துணியால் கட்டினாள்.

ஊறுகாய் கெடவேயில்லை. தெருவே கிண்ணத்தோடு வந்து வாங்கிப் போகிறது. "உன் கையே கைதான்கா" என்கிறவர்களிடமெல்லாம், பெருந்தேவி முகம் நிறைய பெருமையோடு என்னைக் காட்டுகிறாள்.

"என் கை இல்லம்மா. அவரு கை."