பின்பக்கமாக ஏறிய கார்

சைரகுல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஐம்பத்து மூன்றாம் வயதில். முப்பது வருடம் நரின் மலைப்பாதைகளில் லாரி ஓட்டிய அவள் கணவர் எசெனுக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. எதிரே நிற்பது மாடா மனிதனா என்று தெரியாத அளவுக்கு ஆனபிறகு வேறு வழியில்லை. அவள் வாங்கிய சின்னக் காரை நாலு பேர் சேர்ந்தால் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம்.

"இது காரா, தீப்பெட்டியா?" என்றார் எசென்.

முதல் குளிர்காலம் முழுக்க ஆற்றோரத் திடலில் தனியாக ஓட்டிப் பார்த்தாள். பனியில் அது எங்கே வழுக்கும், எப்போது பிடிக்கும் என்பதெல்லாம் பிடிபட்டது.

அடுத்த குளிர்காலத்தில், மகள் நஸிராவின் குழந்தையை முதன்முதலாகத் தொட்டிலில் இடும் நாள். விடிந்து பார்த்தால் கணுக்கால் மறையப் புதுப்பனி. பாரம் இருந்தால் வழுக்காது என்று எசென் இரண்டு மாவு மூட்டைகளைக் காரின் பின்னால் ஏற்றிவைத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினாள்.

நஸிராவின் ஊருக்கு முந்தைய ஏற்றத்தில் முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன.

"பின்னாடி இன்னும் பாரம் வேணும். கல்லு பொறுக்கிப் போடலாமா?"

"அது உங்க லாரிக்கு, கிழவரே! இதுல முன்சக்கரந்தான் சுத்துது. பாரம் பின்னாடி போனா முன்னாடி பிடிக்கவே பிடிக்காது."

வந்த தடத்திலேயே மெல்ல இறக்கி, அடிவாரத்தில் காரைத் திருப்பி நிறுத்தினாள். மூட்டைகள் முன்சீட்டுக்கு வந்தன.

"பின்பக்கமாவே ஏறப்போறேன். எஞ்சின் இறக்கத்தைப் பாத்து இருந்தா கனமெல்லாம் முன்சக்கரத்து மேல உக்காரும்."

"சரிதான்டி," என்றார் எசென். "ஆனா சாலை எங்க முடியுதுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியவில்லை. சாலையும் அதன் ஓரத்துப் பள்ளமும் ஒரே வெள்ளை. எசென் இறங்கி, பள்ளத்துப் பக்கமாகப் போய், காரின் பின்மூலையில் கைவைத்துக்கொண்டார்.

"அங்க நிக்காதீங்க! விழுந்து தொலைச்சா?"

"ஓரத்துல நின்னாத்தானே ஓரம் தெரியும்? பூட்ஸுக்குக் கீழ ஜல்லின்னா சாலை, புல்லுன்னா ஓரம். இதுக்குக் கண்ணு எதுக்கு? நீ வா."

ஆக்ஸிலேட்டரில் கால் பட்டும் படாமல் இருந்தது. கார் ஊர்ந்தது. "கொஞ்சம் உள்ள வாங்கு... போதும்... நேரா வா," என்று அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. அது ஒரு நொடி நின்றுபோனது. "பேசிக்கிட்டே இருங்க!" என்று கத்தினாள். அவர் பேச்சை விட்டுப் பாடவே ஆரம்பித்துவிட்டார், தாளமும் இல்லாமல் சுருதியும் இல்லாமல்.

மேலே சமதளம் வந்ததும் சைரகுல் இறங்கி ஓடினாள். அவரை உட்காரவைத்து, ஈரமான பூட்ஸைக் கழற்றி, பாதங்களைத் தன் சால்வையில் சுற்றினாள்.

"நான் ஓட்டியிருந்தா பாதியிலேயே சறுக்கியிருப்பேன்," என்றார் எசென். அவள் ஓட்டுவதைப் பற்றி அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அவர் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பனி உருகியதும் அவளே அவரை நகரத்துக்குக் கூட்டிப்போய்க் கண் ஆபரேஷன் செய்துவைத்தாள். கட்டுப் பிரித்து ஒரு மாதம் கழித்து, டாக்டர் இனி வண்டி ஓட்டலாம் என்றதும், காரின் சாவியை அவரிடம் நீட்டினாள். எசென் அதை வாங்கவில்லை. சுற்றிப் போய் அடுத்த சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"நீயே ஓட்டு. எனக்கு இன்னிக்கு உன்னைப் பாத்துக்கிட்டே வரணும்."