கை நனைக்காத மாமா

வில்லியனூர் மாமாவை நான் நம்பவில்லை. மாதம் ஒருமுறை சைக்கிளில் வருவார், கூடத்துப் பெஞ்சில் உட்காருவார், மோர் கொடுத்தாலும் வேண்டாம் என்பார். பிறகு என்னைக் கூப்பிட்டு நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பார். எங்கே படுக்கிறாய், பள்ளிக்கூடம் போகிறாயா, காலில் புண் எப்படி வந்தது. போலீஸ்காரர்கூட அத்தனை கேட்கமாட்டார்.

அவர் என் அம்மாவின் பெரியப்பா மகன். என் அப்பா, புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட அந்தக் காலத்தில், சாதி வழக்கம் வேண்டாம், பிரெஞ்சுச் சட்டமே போதும் என்று எழுதிக் கொடுத்திருந்தவர். அதனால் அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போனபோது, பாகூர்ப் பக்கத்து வயலும் பதின்மூன்று வயது நானும் அந்தச் சட்டத்தின் கைக்குப் போனோம். அப்பா வழியில் மூன்று பேர், அம்மா வழியில் மூன்று பேர், நடுவில் நீதிபதி. இவர்கள் கூடித்தான் என் விஷயத்தில் எதையும் முடிவு செய்யவேண்டும். சித்தப்பாவைக் காப்பாளர் ஆக்கி என்னை அவர் வீட்டில் விட்டார்கள். காப்பாளரைக் கண்காணிக்கவும், அவர் லாபமும் பிள்ளையின் நன்மையும் மோதுகிற இடத்தில் பிள்ளைக்காகப் பேசவும் இன்னொருவர் வேண்டும் என்றது சட்டம். அந்த வேலை மாமாவுக்கு. அதற்கு இருந்த பிரெஞ்சுப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை.

"நம்ம வூட்ல ஒரு வாய் தண்ணி குடிக்கிறானா பாரு," என்பாள் சித்தி. "மனசுல இன்னாத்தையோ வச்சிக்கினுதான் வர்றான். உன்ன இட்டுக்கினு போயி டவுன்ல கன்னியாஸ்திரி மடத்துல வுட்டுட்டு நெலத்த வளைச்சிக்கப் போறான்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் கை நனைப்பது லேசான காரியம் இல்லை. பெண் கேட்டு வருகிறவர்கள் சம்மதம் ஆகும்வரை சாப்பிடமாட்டார்கள். இரண்டு பக்கத்தாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்தது, அப்புறம் மாற்றிப் பேசுகிறவனை ஊர் மதிக்காது. அப்படியிருக்க, மாதாமாதம் வந்தும் கை நனைக்காத மனுஷனை நல்லவன் என்று எப்படி நினைப்பது? சித்தியையும் நான் முழுசாக நம்பினேன் என்று சொல்லமாட்டேன். அதுவரை என் தலையைத் திரும்பிப் பார்க்காதவள் திடீரென்று தினமும் எண்ணெய் வைத்து வாரிவிட ஆரம்பித்திருந்தாள்.

அறுப்பு முடிந்ததும் குலதெய்வத்துக்குப் படையல் என்றார்கள். தவளக்குப்பத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த சித்தியின் தம்பி, பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், தன் பங்காளிகளோடு வந்தார். மாமாவுக்கும் ஆள் போயிற்று.

"மாமாவுக்கு நீயே பரிமாறு," என்றாள் சித்தி. "நீ கேட்டா தட்டமாட்டாரு. ஒரு வாய் சாப்ட்டுட்டாருன்னா மடத்துப் பேச்சே இருக்காது."

மடத்துக்குப் போகக்கூடாது என்பதுதான் என் கவலை. விழுந்து விழுந்து பரிமாறினேன். மாமா இலை முன்னால் உட்கார்ந்தார். சோறு வைத்தேன், குழம்பு ஊற்றினேன். கையை மடியிலேயே வைத்திருந்தார்.

"இன்னாத்துக்கும்மா இந்தச் சோறு?"

"சாமிக்குப் படையல் மாமா. சாப்பிடுங்க."

"சாமிக்குப் போட்ட எல எங்க?"

திரும்பிப் பார்த்தேன். சாமி மாடத்தில் விளக்குக்கூட ஏற்றவில்லை. பக்கத்தில் ட்ரங்குப் பெட்டி மேல் ஒரு தாம்பாளத்தைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். துணிக்கு வெளியே மல்லிகைச் சரமும் அரக்குப் புடவைக் கரையும் தெரிந்தன. எதிர்ப் பந்தியில் ஜவுளிக்கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு அப்பளத்தை நொறுக்கினார். அது பெண்ணுக்கு வைக்கிற நிச்சயத் தாம்பாளம்.

மாமா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவும் எனக்கு ஆத்திரம்தான். அவர் இலையை வாரிக்கொண்டு போய் மாட்டுக்குப் போட்டேன்.

மாமா மனு கொடுத்துப் புதுச்சேரிக் கோர்ட்டில் ஆறு பேரும் கூடினார்கள். வண்டியில் போகும்போதே சித்தி காதில் ஓதினாள்: "மாமா சாப்ட்டாருன்னு சொல்லு. இல்லன்னா மடந்தான்."

"பொண்ணு எங்க மச்சானுக்குத்தாங்க," என்றார் சித்தப்பா. "அம்மா வூட்டாருக்கும் சம்மதம். இவரே எங்க பந்தியில கை நனைச்சாரு."

"நனைக்கல," என்றார் மாமா.

அம்மா வழி ஆட்கள் யாரை நம்புவது என்று தெரியாமல் முகத்தைத் தொங்கப்போட்டார்கள். சட்டம் எதுவாக இருந்தாலும், அவர் சாப்பிட்டிருந்தால் தங்கள் பக்கம் வாக்குக் கொடுத்தாயிற்று என்பதுதான் அவர்கள் கணக்கு. நீதிபதிக்கு இது விளங்கவே துபாஷி வெகுநேரம் பேசவேண்டியிருந்தது. கடைசியில் நீதிபதி, பரிமாறிய பெண்ணையே கேளுங்கள் என்றார்.

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு ஜாடை, ஒரு கெஞ்சல், ஒன்றும் கிடையாது. சித்தி சொன்னதே நிஜமாக இருக்கலாம், இந்த ஆள் என்னை மடத்தில் தள்ளலாம். ஆனால் அந்தப் புடவையை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"சாப்பிடல," என்றேன். "அந்த எலைய நாந்தான் மாட்டுக்குப் போட்டேன். சோறு வச்சது வச்சபடியே இருந்துது."

இரண்டு பேர் தவிர எல்லோரும் கல்யாணம் வேண்டாம் என்றார்கள். இனி நான் மாமா வீட்டில் இருக்கவேண்டும் என்றும் முடிவாயிற்று. அன்றைக்கே வில்லியனூர் போனோம்.

அத்தை இலை போட்டாள். நான் தொடவில்லை. ஒரு வீட்டில் சாப்பிட்டால் எதற்குச் சம்மதம் என்று ஆகுமோ, யார் கண்டது. பசி காதை அடைத்தது, அப்படியும் தொடவில்லை. மறுநாள் காலை மாமா அடுப்படிக்கு வந்தார்.

"அரிசியையும் பானையையும் அது கையில குடு," என்றார் அத்தையிடம்.

நானே கஞ்சி வைத்தேன். இறக்கியதும் மாமா எதிரே குந்திக்கொண்டு ஒரு கிண்ணத்தை நீட்டினார்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்தும்மா."

ஊற்றினேன். உப்புப் போட மறந்திருந்தேன். அவர் குடித்து, தொண்டைக்குழி ஏறி இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம்தான் என் கஞ்சியில் கை வைத்தேன்.