பயறுக்குப் புகை போட்டவன் நான்

மளிகைக்கடை ஒன்று. லாரி இரண்டு. காஜா பெராங்கில் மாடி வீடு. கிளேபாங்கில் கடலைப் பார்த்த மனை. எல்லாம் இந்த இரண்டு கையால் வந்தது. படிப்பு? மூன்றாம் வகுப்பு... அதிலும் பாதிதான். 'வாராவாரம் இதையே சொல்கிறாரே' என்று முணுமுணுக்கும் வாசகர்களே, உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

போன ஞாயிறு என் மருமகள் ஒரு டின்னைத் திறந்து, சூடாக்கி, பொரித்த கோழிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மாமா, பார்பிக்யூ பீன்ஸ்! அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சது. புகை வாசம் எப்படி வருது பாருங்க!"

ஒரு வாய் வைத்தேன். இனிப்பு, புளிப்பு, காரம், புகை. சிரிப்பு வந்துவிட்டது. அமெரிக்காவாவது! யுத்தத்தில் ஜப்பான்காரன் எங்களை ஆண்ட காலத்திலேயே காஜா பெராங்கில் நான் வைத்த பயறு இது. டின்னில் அடைக்காமல்!

அப்போது என் தங்கை செல்லத்துக்கு நிச்சயம். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளுக்கு எல்லாமே நான்தான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்றைக்கு என்னை லாரியில் ஏற்றுவார்களோ... ஏற்றிவிட்டால் அவள் கதி? அதற்குள் அவளை ஒரு நல்ல வீட்டில் சேர்த்துவிட வேண்டும். புக்கிட் ரம்பாயிலிருந்து வந்த சம்பந்தம் அது. கைநழுவினால் இன்னொன்று வராது.

விருந்துக்கு அரிசி ஏது? மரவள்ளிக்கிழங்கு அவித்தோம். தொட்டுக்கொள்ள? வேலியில் படர்ந்த பயற்றங்காயைக் காயவிட்டு உரித்த பயறு இருந்தது. முதல் நாளே ஊறப் போட்டேன். மண்சட்டியில் குழைய வேகவைத்து, கொஞ்சத்தை மசித்துவிட்டேன். புளி, தென்னை வெல்லம், ஊசி மிளகாய், தணலில் சுட்ட சின்ன வெங்காயம். உப்பு — கிளேபாங் கடல் தண்ணீரைக் காய்ச்சியது.

எல்லாம் சரி. ஆனால் தாளிக்க எண்ணெய் இல்லை. இருந்தது ஒரு கரண்டி தேங்காயெண்ணெய். அதுவும் நிச்சய விளக்குக்கு எடுத்து வைத்தது. சும்மா இருப்பேனா? விளக்குக்கு ஊற்றியதுபோக நாலு சொட்டு மிச்சம் பிடித்தேன். சட்டியின் நடுவே ஒரு காலிப் பால் டின்னை வைத்து, அதில் கொட்டாங்கச்சித் தணலைப் போட்டு, மேலே அந்த நாலு சொட்டு. குப்பென்று புகை! உடனே மூடிவிட்டேன். ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு பாய் ஆட்டுக்கறிக்கு இப்படிச் செய்வார். பயறுக்குச் செய்தவன் நான்தான்.

சைக்கிள் மிதித்துக் களைத்து வந்தவர்களுக்கு முதலில் இலை போட்டோம். சாப்பிட்ட பிறகு தட்டு மாற்றலாம் என்று ஏற்பாடு.

மாப்பிள்ளையின் அப்பா வீராசாமி முதல் கவளத்தை வாயில் வைத்தார். மென்றார். நிறுத்தினார். முகம் கறுத்தது.

"தம்பி... நான் காவடிக்கு விரதம்னு தெரியுமில்ல?"

"தெரியும் மாமா. அதான் சுத்த சைவம்."

"சைவமா? கறி வாசம் அடிக்குது!"

பந்தி அப்படியே நின்றது. அவருடைய அக்கா மட்டும் இலையை விரலால் துழாவிக்கொண்டிருந்தார்.

"எல்லார் இலையிலயும் விழுந்திருக்கும்போல. எனக்கு மட்டும் ஒரு துண்டும் இல்லையே! மாப்பிள்ளையோட அத்தைக்கு இதுதான் மரியாதையா?"

பாருங்கள் கூத்தை! ஒருவருக்குக் கறி போட்டுவிட்டேன் என்று கோபம். இன்னொருவருக்குப் போடவில்லை என்று கோபம். கறியைக் கண்டே பல மாதம் ஆன மூக்குகள்... புகை பட்டதும் ஏமாந்துவிட்டன.

"மாமா, அது புகை!"

"புகையில எங்கய்யா கறி ருசி வரும்? என் விரதத்தைக் கெடுத்தவன் வீட்ல பொண்ணு எடுக்கிறதா? எழுந்திருங்க எல்லாரும்!"

எழுந்துவிட்டார்கள். ஆனால் என் மூளை எழுந்து போய்விடவில்லை! வீராசாமி இலையில் தொடாமல் கிடந்த கிழங்கை எடுத்தேன்.

"மாமா, இதுல கறி இருக்கா?"

"கிழங்குல ஏதுய்யா கறி?"

"அப்ப ஒரு நிமிஷம் நில்லுங்க."

கிழங்கைக் காலிச் சட்டியில் போட்டேன். டின்னில் புதுத் தணல். எண்ணெய்... எண்ணெய் எங்கே? நாலு சொட்டும் தீர்ந்துபோயிற்று.

அறைக்குள்ளிருந்து செல்லம் வந்தாள். நிச்சயப் பெண், கூப்பிடாமல் சபைக்கு வரக் கூடாது. வந்தாள். எரிகிற விளக்கைக் கையோடு கொண்டுவந்து, தணல்மேல் அப்படியே சாய்த்தாள். விளக்கு அணைந்தது. புகை கிளம்பியது. நான் சட்டியை மூடினேன்.

திறந்ததும் வீராசாமி குனிந்து முகர்ந்தார். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். இன்னொரு துண்டு. அப்புறம் இன்னொன்று.

"டேய்... கறிடா!" என்றார், சிரித்துக்கொண்டே.

"எனக்கும் புகை போட்டுக் குடு தம்பி!" என்று அக்கா தன் இலையையே நீட்டினார்.

"நிச்சய விளக்கு அணைஞ்சிடுச்சே" என்று யாரோ இழுத்தார்கள்.

வீராசாமி திரும்பிப் பார்த்தார். "அடுப்பு எரியுதில்ல? அது போதும். தட்டை மாத்துங்க."

மாற்றினோம். கல்யாணமும் முடிந்தது. பிறகு லாரி வந்தது, என்னையும் ஏற்றியது. போகும்போது அழவில்லை. செல்லம் புக்கிட் ரம்பாயில் பத்திரமாக இருந்தாள். திரும்பி வந்ததும் பிழைத்ததும் தனிக்கதை.

இன்றைக்கும் அவள் வீட்டில் காதுகுத்தா, கல்யாணமா — அவள் பிள்ளைகள் மைக்கைப் பிடித்ததும் "விளக்கைச் சாய்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய எங்கள் அம்மா" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கைதட்டல் வேறு! எண்ணெய் அவளுடையதுதான், மறுக்கவில்லை. தணல் யாருடையது ஐயா? அதையும் மைக்கில் சொல்லுங்கள். பேரோடு. சத்தமாக!